முதலாளியிடம் தோற்கும் முறை

எங்கள் சதுரங்க மன்றத்தில் எழுதி ஒட்டிய விதிகள் பதினொன்று. செயலாளர் என்ற முறையில் நானே தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினேன். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும், ஆட்டத்தின் நடுவே போன் பேசக் கூடாது, வேடிக்கை பார்ப்பவர் வாயைத் திறக்கக் கூடாது என்று போகும் அந்தப் பட்டியல். அதில் ஒன்றைக்கூட யாரும் மதித்ததாக எனக்கு நினைவில்லை. எழுதாத விதி ஒன்று இருந்தது. அதை எட்டு வருஷம் ஒருவரும் மீறவில்லை. முதலாளி தோற்கக் கூடாது.

முதலாளி என்றால் எங்களுக்குச் சம்பளம் கொடுப்பவர் அல்ல. ஆரணி கடைத்தெருவில் பட்டுப் புடவைக் கடை வைத்திருப்பவர். கடைக்கு மேலே காலியாகக் கிடந்த அறையை வாடகை வாங்காமல் எங்களுக்கு விட்டவர். மன்றம் என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, நான்கு மேஜை, ஆறு பலகை, பதினைந்து பேர், அவ்வளவுதான். ஒரு செட்டில் கறுப்புக் குதிரை தொலைந்துபோய், அதன் இடத்தில் ஜரிகை சுற்றி வந்த காலிக் கட்டை நிற்கும். புதிதாக வருபவர்கள் அதைச் சிப்பாய் என்று நினைத்து ஏமாந்து போவார்கள்.

நான் கம்ப்யூட்டரில் புடவைக்கு டிசைன் போடுகிறவன். வாரமெல்லாம் திரையில் பொடிப்பொடிக் கட்டங்களில் மயிலையும் மாங்காயையும் நிரப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து அறுபத்து நான்கு பெரிய கட்டங்களுக்கு முன்னால் உட்காருவேன். கட்டம் என் ரத்தத்தில் ஊறியது என்று சொல்லிக்கொள்வேன். அந்த அறையில் என்னை விட நன்றாக ஆடுபவர் ஒருவருமில்லை என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. அதை வெளியே சொன்னதில்லை. முகத்தில் தெரிந்திருக்கும்.

அறை கிடைத்த முதல் ஞாயிறு முதலாளியும் ஆர்வமாக மாடிக்கு வந்து உட்கார்ந்தார். எதிரே எங்கள் கண்டக்டர். சேவூர்க்காரன், போளூர் பஸ்ஸில் டூட்டி, என் கூடப் படித்தவன். யார் எவர் என்று பார்க்காமல் பன்னிரண்டாவது மூவிலேயே முதலாளிக்கு மேட் வைத்துவிட்டு, "அடுத்தது யாருப்பா?" என்று கேட்டான். மறு ஞாயிறு முதலாளி வரவில்லை. அவருடைய மகன் கையில் அளவு டேப்போடு வந்தான். கடைப் புடவைகளை ஆன்லைனில் விற்பதற்குப் போட்டோ எடுக்க ஓர் இடம் வேண்டுமாம். "சும்மாதானே கீது இந்த ரூம்" என்று எங்கள் தலைக்கு மேலேயே சுவரை அளந்தான்.

அன்று மாலை டீக்கடையில் செயற்குழு கூடியது. கண்டக்டர் குற்றத்தை ஒப்புக்கொண்டான். "என்னாலதான் வந்துது இந்தப் பேஜார். அடுத்த வாரம் அவரைக் கூட்டிகினு வா. நான் தோத்துடறேன்."

தோற்றான். முதலாளி அன்று சிரித்த சிரிப்பில் கீழே கடையில் புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்களாம். அடுத்த வாரம் அறைக்குப் புது மின்விசிறி வந்தது. மகனைக் கூப்பிட்டு, "நான் ஆடற வரைக்கும் இந்த ரூம்ல கை வெக்காத" என்று எங்கள் எதிரிலேயே சொல்லிவிட்டார். அதோடு விஷயம் முடிவானது. அவர் ஜெயிக்கிற வரைக்கும்தான் ஆடுவார், அவர் ஆடுகிற வரைக்கும்தான் அறை.

அதற்குப் பிறகு முறை வைத்துத் தோற்றோம். ஞாயிற்றுக்கு ஒருவர். தோற்பதற்கும் ஒழுங்கு வேண்டும் என்று நான்தான் வற்புறுத்தினேன். நாற்பது நிமிஷத்துக்குள் தோற்கக் கூடாது. ராணியைச் சும்மா தூக்கிக் கொடுக்கக் கூடாது. தோற்றதும் நெற்றியில் ஒரு தட்டு தட்டிக்கொண்டு, "அதை எப்படிங்க பார்த்தீங்க?" என்று கேட்க வேண்டும். கண்டக்டர் இதில் சுமார். ஆட்டம் தொடங்கும்போதே நெற்றியைத் தட்டிவிடுவான். நான்தான் கெட்டிக்காரன் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். என் ராஜாவும் ராணியும் அவருடைய குதிரையின் ஒரே தாவலில் மாட்டும்படி வந்து நிற்பார்கள். செக் சொல்லிவிட்டு அவர் ராணியை வெட்டும்போது என் முகம் வெளுத்துப் போகும். நடிக்கிறேன் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குள் சிரித்துக்கொண்டே போவேன்.

ஒருவர் மட்டும் இதில் சேரவில்லை. பக்கத்துக் கிராமத்து ஜைனக் குடும்பம், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு அவர் சார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார், இருட்டினால் மறுநாள் காலை வரை ஒன்றும் தொட மாட்டார். அதனால் ஐந்து மணிக்கு, ஜெயிக்கிற ஆட்டமாக இருந்தாலும் காய்களை எடுத்து வைத்துவிட்டு டிவிஎஸ்ஸை உதைப்பார். நாங்கள் திட்டத்தைச் சொன்னபோது, "நான் பொய் சொல்றதில்லீங்க. காயை வெச்சும் சொல்ல மாட்டேன்" என்றார். முதலாளியோடு ஆடுவதையே நிறுத்திக்கொண்டார். தன்னைக் கண்டு பயந்துதான் சார் ஒதுங்குகிறார் என்று முதலாளி எடுத்துக்கொண்டார்.

வருஷங்கள் ஓடின. மகன் கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி இரண்டு துணிக்கடைப் பொம்மைகளைக் கொண்டுவந்து மூலையில் நிறுத்தினான். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு இரண்டும் எங்கள் ஆட்டத்தைப் பார்த்தபடி நின்றன. வேடிக்கை பார்ப்பவர் வாயைத் திறக்கக் கூடாது என்ற விதியை அந்த அறையில் மதித்தவர்கள் அவர்கள் இருவரும்தான்.

போன வருஷம் ஒரு நாள் முதலாளி ஒரு நோட்டீஸோடு மாடிக்கு வந்தார். போளூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சதுரங்கப் போட்டி, வயது வரம்பு கிடையாது. "இங்க எனக்கு ஈடா ஆள் இல்லப்பா. வெளிய போய் ஒரு கை பார்க்கணும்" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று. சொல்ல வேண்டியவன் செயலாளராம். கடைக்குப் போனேன். போட்டிக்கென்று தைத்த பட்டுச் சட்டையைக் காட்டினார். "வூட்ல நான் சொல்றது ஒண்ணும் நடக்கறதில்ல. கடையில பையன் வெச்சதுதான் சட்டம். மேல வந்தாத்தான் நான் ஒரு ஆளுன்னு தோணுது" என்றார். சட்டை நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, துணைக்கு நானும் போட்டிக்குப் பேர் கொடுத்தேன்.

போளூரில் முதல் சுற்றில் அவருக்கு எதிரே உட்கார்ந்தது ஒன்பது வயதுப் பெண். தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டியிருந்தாள். முதலாளி யானையைத் தூக்கியதும், "தாத்தா, அங்க வெச்சா மேட்டு. வேற வைங்க" என்றாள். அந்த யானைக்குப் போவதற்கு வேறு கட்டமே இல்லை. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். அங்கேயே வைத்தார். ஆறு சுற்றில் ஐந்து தோல்வி. ஒரு சுற்றில் எதிராளி கிடைக்காமல் உட்கார வைத்து ஒரு புள்ளி கொடுத்தார்கள்.

எனக்கும் ஒரு புள்ளிதான், எதிராளி வராததால். மற்ற ஐந்தும் போயின. அதில் மூன்று குதிரையால். எட்டு வருஷம் வேண்டுமென்றே தோற்றுத் தோற்றுக் கை பழகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு நல்ல காரியத்துக்காக என் திறமையைப் பலி கொடுத்திருக்கிறேன் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

திரும்பி வந்த பஸ்ஸில் டூட்டி எங்கள் கண்டக்டருக்குத்தான். என்ன ஆயிற்று என்று கண்ணாலேயே கேட்டான். நான் உதட்டைப் பிதுக்கினேன். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு முதலாளி மெதுவாகக் கேட்டார்.

"மொத நாளு நீ என்னை எத்தினி மூவ்ல அடிச்ச?"

"ஞாபகம் இல்லீங்க."

"பன்னெண்டு. அப்புறம் எட்டு வருஷமா ஒரு வாட்டிகூட ஏன் அடிக்கல?"

"எறங்கறவங்கல்லாம் முன்னாடி வாங்க!" என்று கத்திக்கொண்டே கண்டக்டர் பின்பக்கம் போய்விட்டான். அடுத்த நிறுத்தம் வெகு தூரத்தில் இருந்தது. முதலாளி ஆரணி வரும் வரை ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு மூன்று ஞாயிறு அவர் மாடி ஏறவில்லை. பொம்மைகள் இரண்டு ஆறாயின. போட்டோ எடுக்க வட்ட வடிவ விளக்கு ஒன்று வந்து எங்கள் மேஜை ஒன்றை வெளியே தள்ளியது. மகன் மரியாதையாகத்தான் பேசினான். "அப்பாவே வரலீங்களே" என்றான்.

நான்காவது ஞாயிறு நாலு மணிக்கு மேல் முதலாளி வந்தார். கையில் பூட்டும் சாவியும். என் எதிரே உட்கார்ந்து இரண்டையும் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எல்லாம் தெரிஞ்சி போச்சு. சின்னப் பையனுக்கு மிட்டாய் குடுத்து ஏமாத்தறாப்ல ஏமாத்திகினு இருந்திருக்கீங்க" என்றார். குரல் உடைந்தது. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இன்னிக்கி நெசமா ஆடு. நீ ஜெயிச்சாலும் ரூம் உங்களுதுதான். விட்டுக் குடுத்தன்னு மட்டும் தெரிஞ்சுது, இந்தச் சாவி நேரா பையன்கிட்ட போவும்."

எனக்கு நிம்மதியாகிவிட்டது. ஜெயித்தால் போதும், அறை தப்பித்துவிடும். எட்டு வருஷமாகக் கட்டிப் போட்டு வைத்திருந்த என் ஆட்டத்தை அவிழ்த்து விட்டேன். பிஷப்பைக் கொண்டுவந்தேன், யானைகளை வரிசை கட்டினேன். சுற்றிப் பதினான்கு பேரும் ஆறு பொம்மைகளும் நின்றார்கள். ஐந்து மணிக்குச் சார் எழுந்தார். சாவியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்துவிட்டார். நான் ராணியை முன்னால் நகர்த்தி, இன்னும் மூன்று மூவில் மேட் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தபோது, முதலாளி கறுப்புக் குதிரையாக நின்ற அந்த ஜரிகைக் கட்டையைத் தூக்கி என் ராஜாவுக்கும் ராணிக்கும் நடுவே வைத்தார்.

"செக்" என்றார்.

நான் பார்க்கவே இல்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. ராஜாவை நகர்த்தினேன், ராணி போயிற்று. பத்து மூவில் எல்லாம் முடிந்தது. என் கை தானாகப் போய் நெற்றியைத் தட்டியது.

முதலாளி சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "மறுபடியும் அதே குதிரை. அதே நெத்தி. இன்னிக்கிமா?" என்றார். கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. கண் கலங்கியிருந்தது.

நான் நிஜமாகவே தோற்றேன் என்று சொன்னால் போதும், அறை எங்களுடையது. அந்த வார்த்தை என் வாயில் வர மறுத்தது. பதினான்கு பேர் பார்க்க, அந்தச் சிறுமியிடம் தோற்ற மனிதரிடம் நான் முழு மூச்சாக ஆடித் தோற்றேன் என்று எப்படிச் சொல்வது? நான் வாயைத் திறந்து மூடுவதற்குள் அவர் வாசல் வரை போய்விட்டார். வாசலில் நின்று, "சார், நீங்க பொய் சொல்லாதவரு. நீங்க சொல்லுங்க. இவன் விட்டுக் குடுத்தானா, இல்லியா?" என்று கேட்டார்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விட்டுக் குடுக்கலீங்க. நெசமாத்தான் தோத்தாரு" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "எட்டு வருஷமா பார்த்துகினு இருக்கேன். உங்ககிட்ட அவரு ஒரு நாளும் விட்டுக் குடுத்ததில்ல. அவரு ஆட்டமே அதுதான்" என்றார்.

பலகையைத் தூக்கிச் சார் மேல் வீசலாம் என்று எனக்கு வந்தது. முதலாளி என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அந்த முதல் வெற்றியின் சிரிப்பு, கடைத்தெரு வரை கேட்டிருக்கும். பூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாவியை என் கையில் வைத்து அழுத்தினார். "அடுத்த ஞாயிறு ஜல்தியா வா. பழகினா ஜெயிப்ப" என்றார்.

வெளியே இருட்டிவிட்டது. சார் அன்று இரவு பட்டினி என்பது எனக்குத் தெரியும். அவர் வண்டியை உதைத்துக்கொண்டு போனார்.

எங்களைக் கண்டக்டர் டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போய் எனக்கு மட்டும் நாலு பஜ்ஜி சொன்னான். "இன்னாபா நடிப்பு! சாரையே நம்ப வெச்சிட்டியே. தோக்கறதுல உன்னை அடிச்சிக்க ஊர்லயே ஆள் இல்ல" என்று முதுகில் தட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். நான் பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே, கொஞ்சம் அடக்கமாக, சிரித்து வைத்தேன்.