ஊர் குரூப்பில் ஒரு முகம்

தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டையில், ஒரு டீக்கடை முன்னால் பஸ் நிற்கிறது. என் முன் சீட்டில் இருக்கும் பெண்ணுக்கு மிஞ்சிப் போனால் இருபது வயது. அவளிடம் நான் எதைக் கேட்டாலும் பக்கத்தில் இருப்பவனே பதில் சொல்கிறான். அவளுடைய போன்கூட அவன் சட்டைப்பையில்தான். அவன் எதிர்ப் பெட்டிக்கடையில் சிகரெட் வாங்க இறங்கியதும், "ஹோட்டல் வேலைன்னாங்க. எந்த ஊருன்னு தெரியாது" என்று முணுமுணுக்கிறாள்.

வேலை என்று கூட்டிப்போய்ப் பெண்களை லாட்ஜில் விற்கிறவர்கள் எங்கள் பினாங்கிலும் உண்டு. அவனிடம் சண்டைக்குப் போனால் அவளுக்குத்தான் ஆபத்து. என் மலேசிய சிம்மோ இங்கே வேலை செய்யவில்லை. டீக்கடைக்காரரிடம் ஓடுகிறேன்.

"அண்ணே, அந்த ஜன்னலோரப் பொண்ண ஒருத்தன் ஏமாத்திக் கூட்டிட்டுப் போறான். போலீசக் கூப்பிடுங்க. அவனுக்குத் தெரிய வேணாம்."

அவர் போனை எடுத்து, காதில் வைக்காமல், அவளுடைய ஜன்னலுக்கு நேரே நீட்டுகிறார்.

"என்ன செய்றீங்க?"

"ஊர் வாட்ஸ்அப் குரூப்புல போடுதேன்க்கா. எங்கன போனாலும் நம்ம பயலுவ மறிச்சிருவானுவ."

"முதல்ல போலீசு!"

"பொறுங்க, மூஞ்சி சரியா விழல."

அதற்குள் இன்னும் நாலு போன்கள் நீள்கின்றன. அவன் பார்த்துவிடுகிறான். அவள் கையைப் பிடித்து இறக்கி, ஓர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயேவிடுகிறான்.

கண்டக்டர் அழைத்து வந்த போலீஸ்காரர் ஆட்டோ நம்பர் கேட்கிறார். யாரும் பார்க்கவில்லை. நானும்தான்; போன் நீட்டிய இவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

போனில் பிடித்த அவள் முகத்தை அவரிடம் காட்ட மட்டும் எல்லோரும் முண்டியடிக்கிறார்கள்.