ஆம்பளைக்கு ஓரணா, பொம்பளைக்கு ரெண்டணா

வாடகை சைக்கிள் கடையிலிருந்து வண்டி எடுத்துப் போகும்போது எல்லாரும் யோக்கியர்கள்தான். திரும்பி வரும்போது மட்கார்டைப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் அப்படியொரு கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி போட்ட சட்டத்துக்கு வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

விழுவதற்கு முன்பணம்

எங்களிடம் குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் வண்டி ஒன்றே ஒன்று. வாடகை மணிக்கு ஆணுக்கு ஓரணா, பெண்ணுக்கு இரண்டணா. பிரசவம் பார்க்கும் பிலோமினா நர்சம்மா ஒருநாள் அதைக் கேட்டு வந்தார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். எர்ணாவூர்க் குப்பங்களுக்கு நேரத்தில் போய்ச் சேராவிட்டால் வேலை இல்லை என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லிவிட்டாராம்.

எதற்கு இரட்டிப்பு வாடகை என்று கேட்டார். "பொம்பள வுழுந்தா வண்டி கெட்டுப்பூடும். அதுக்குத்தான்" என்றார் முதலாளி. நர்சம்மா காசைப் பலகைமேல் வைத்தார். "நான் வுழாம வந்தா திருப்பிக் குடுப்பீங்களா?"

கணக்குப்பிள்ளையின் தொந்தி

அவர் ஒருநாளும் விழவில்லை. காசும் திரும்பவில்லை.

கட்டை விற்கும் மரவாடிக் கணக்குப்பிள்ளைக்குத் தொந்தி பெரிது. கம்பிக்கு மேலே காலைத் தூக்கிப் போட முடியாது. ஆகவே அவரும் லேடீஸ் வண்டிதான் எடுப்பார். அவர் ஏறினால் அதே வண்டிக்கு ஓரணா! ஒருநாள் சாக்கடையில் இறங்கி, ஹாண்டில்பாரை ஆட்டுக்கொம்பு மாதிரி வளைத்துக்கொண்டு வந்தார். முதலாளி பதறிப்போய் அவருக்கு சோடா வரவழைத்தார். எனக்கு வயிறு எரிந்தது. நிமிர்த்த வேண்டியவன் நானல்லவா? கணக்குப்பிள்ளை சோடாவைக் குடித்து, ஏப்பம் விட்டுச் சொன்னார்: "நாம இன்னா பண்றது நைனா, ரோடு சரியில்ல."

ஜாமீன்

திடீரென்று முதலாளிக்கு இன்னொரு யோசனை வந்தது. பெண்களுக்கு வண்டி கொடுக்க ஓர் ஆண் ஜாமீன் நிற்க வேண்டும். நர்சம்மாவுக்கு இருந்த ஒரே ஆண் துணை அண்ணன் அந்தோணி. போன வருஷம் எங்கள் கடை வண்டியையே அடகு வைத்துக் குடித்த மகாராசன்! தெரிந்தும் முதலாளி ஏற்றுக்கொண்டார். ஆம்பளை ஆம்பளைதானே? நர்சம்மா தலையில் அடித்துக்கொண்டார். அந்தோணி மட்டும் நெஞ்சை நிமிர்த்தி முதலாளிக்குத் தைரியம் சொன்னான்: "என் தங்கச்சி வண்டியத் தூக்கிகினு ஓடிட்டா, நான் கீறேன். கவலப்படாத."

பேத்தி பிறந்த காலை

முதலாளியின் மகள் எர்ணாவூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒரு காலையில், அவளுக்கு வலி கண்டுவிட்டது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று ஆள் ஓடிவந்தது. அப்போதுதான் நர்சம்மாவும் கடைக்கு வந்திருந்தார். லேடீஸ் வண்டியோ கணக்குப்பிள்ளையோடு போயிருந்தது. முதலாளி கடைக்கும் தெருவுக்குமாக ஓடினார். நர்சம்மா புடவையை வரிந்து செருகி, ஆம்பளை வண்டியை இழுத்து, கம்பியைத் தாண்டி ஏறிப் போய்விட்டார். முதலாளி வாடகையும் பேசவில்லை, ஜாமீனும் கேட்கவில்லை.

மத்தியானம் அதே வண்டியில் திரும்பினார். தாயும் பிள்ளையும் சுகம், பெண் குழந்தை. முதலாளி அழுதேவிட்டார். நானும்தான். பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லாவிலிருந்து எட்டணா எடுத்து நீட்டினார். எங்கள் பக்கம் பிரசவம் பார்த்தவருக்கு ஆண் பிள்ளை என்றால் ஒரு ரூபாய், பெண் என்றால் அதில் பாதி. நர்சம்மா கையை நீட்டவில்லை.

"பொண்ணு சைக்கிள் ஏறினா டபுள் ரேட்டு, பொறந்தா மட்டும் பாதி ரேட்டா, முதலாளி?"

முழு ரூபாயும், அன்றுமுதல் ஓரணா வாடகையும் நர்சம்மாவுக்குக் கிடைத்துவிட்டன. மற்றப் பெண்கள்தான், முதலாளி வீட்டில் அவர்கள் கையால் ஒரு பிரசவம் நடக்கும்வரை இரண்டணா கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.