பேயம்மா பதிவு செய்த மூச்சு

பேய்ப்பட டிரைலருக்குச் சத்தம் சேர்ப்பதுதான் அவள் வேலை. அதனால் ஸ்டூடியோவில் எல்லோருக்கும் அவள் பேயம்மா. நேரில் பார்த்தால் பேயாவது பிசாசாவது, பல்லிக்கே நடுங்குகிற ஆள். குளியலறைச் சுவரில் பல்லி தெரிந்தால் புருஷன் வந்து விரட்டும்வரை உள்ளே கால் வைக்க மாட்டாள். ஆனால் அவள் சேர்த்த சத்தத்துக்குத் தடித்தடி ஆண்பிள்ளைகள் தியேட்டரில் பக்கத்துச் சீட்டுக்காரன் கையைப் பிடித்துக்கொண்ட கதைகள் உண்டு.

அலறலைப் போட்டால் பயம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். திரையில் ஆளில்லாத ஒரு நடைவழி, கடைசியில் பாதி திறந்த கதவு, அவ்வளவு போதும் அவளுக்கு. முதலில் வீட்டுச் சத்தம் எல்லாம் இருக்கும். ஃப்ரிட்ஜ் முனகும், குழாய் சொட்டும், ஃபேன் சுற்றும். அவற்றை ஒவ்வொன்றாக, பார்க்கிறவன் அறியாமல் உருவிவிடுவாள். மிச்சம் ஒன்றுமே இல்லாத அந்த இடத்துக்கு ஸ்டூடியோவில் வைத்திருந்த பெயர் பள்ளம். பள்ளம் வந்ததும் காது தானாக முன்னால் சாயும். அப்படிச் சாய்ந்த காதில்தான் அடிக்க வேண்டும்.

சரக்கெல்லாம் வீட்டிலேயே கிடைத்தது. பீரோக் கதவு சவப்பெட்டி மூடி ஆனது. ஈரத்துண்டைத் தரையில் அடித்தால் பிணம் நடந்தது. எல்லாவற்றையும்விட நல்ல சரக்கு புருஷனின் குறட்டை. அவர் குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல், தூக்கமெல்லாம் பகலில். அந்தக் குறட்டையின் வேகத்தைக் குறைத்தால் பேயின் மூச்சு ரெடி. "அந்தப் பேயே நான்தான்யா" என்று அவர் கிடங்கில் பெருமையடித்துக்கொள்வார். குறட்டைக்கு நடுவே மூச்சு சட்டென்று நின்று, பிறகு கிணற்றிலிருந்து வாளி வருவதுபோல் இழுத்துக்கொண்டு வரும். சொல்லிச் செய்தாலும் இப்படி ஒரு பள்ளம் அமையாது என்று பேயம்மா பூரித்துப்போவாள்.

புதிய டிரைலருக்கு அன்று காலை உட்கார்ந்தார்கள். ஜன்னலில்லாத அறை, சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. படத்தை வெட்டி ஒட்டும் எடிட்டர் அவளைவிடச் சின்னவன். சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்துக் கேட்டவன் காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

"அக்கா, பள்ளத்துக்குள்ள யாரோ பேசுறாங்க."

"உளறாதே."

"நீங்களே கேளுங்க."

ஸ்பீக்கரில் போட்டான். மூச்சு போனது. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததின் அடியிலிருந்து ஒரு பெண்ணின் குரல், கெஞ்சுவதுபோல் வந்தது: "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்..."

எடிட்டருக்குக் கை மயிர் சிலிர்த்து நின்றது. "யாருக்கா இது? நீங்க வெச்சதா?"

"நான் எதுவும் வைக்கலையே" என்றவள், சொல்லி முடிக்கும்போதே அது யார் என்று தெரிந்துகொண்டாள். போன ஞாயிறு மத்தியானம் தூங்குகிற புருஷனின் தலையணைப் பக்கம் மைக்கோடு உட்கார்ந்திருந்தாள். அவர் மூச்சு நின்றது. பள்ளம் நீளட்டும், மூச்சு அவசரப்பட்டு வந்து கெடுத்துவிடக் கூடாது என்று ஆசைப்பட்டாள். அந்த ஆசையில் வாய் தானாக அசைந்திருக்கிறது.

"பயங்கரம்க்கா. இந்தக் குரலை அப்படியே விட்டுடலாம். பள்ளத்தையும் சூப்பரா இழுத்திருக்கீங்க. போன படத்துல இவ்வளவு இல்ல."

"நான் இழுக்கலடா."

"அப்புறம்?"

பழைய பதிவையும் புதியதையும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தார்கள். மூச்சு வந்த இடம் மேடாகவும் நின்ற இடம் தட்டையாகவும் தெரிந்தது. பழையதில் தட்டை கொஞ்சம்தான். புதியதில் அது கோடு கிழித்ததுபோல் போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவு நேரமும் அவர் மூச்சு நின்றிருந்தது.

வீட்டுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? பதிவுக்குத் தொந்தரவு என்று தூங்கும்போது போனை ஊமையாக்கிவைக்கச் சொல்லிப் பழக்கியதே அவள்தான்.

மத்தியான வெயிலில் மாடிப்படி ஏறி, பூட்டைத் திறந்து உள்ளே போனாள். வீட்டில் சத்தமே இல்லை. பதிவுக்காகக் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டிருந்தாள். சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றியிருந்தாள். டிக்டிக்கென்ற சுவர்க்கடிகாரத்தை நிறுத்தியிருந்தாள். படுக்கையறை ஜன்னலில் கனத்த போர்வை தொங்கியது. இத்தனை நாளாகத் தன் கையாலேயே வீட்டைப் பள்ளமாக்கி வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நடையின் கோடியில் கதவு பாதி திறந்திருந்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முதுகு அசையவில்லை. அவள் காது முன்னால் சாய்ந்தது. எத்தனையோ பள்ளம் வெட்டியவள்தான், அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் ஒன்றில்கூட நின்றதில்லை. கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் வாளி மேலே வந்தது, மூச்சு இழுத்தது. ஓடிப்போய்ப் பிடித்து உலுக்கினாள்.

"என்னம்மா, இந்த நேரத்துல? ஏன் அழுவுற?"

"எழுந்திருங்க. டாக்டர்கிட்ட போறோம்."

"குறட்டைக்கா டாக்டரு? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சட்டையைப் போடுங்க."

ஆட்டோவில் போகும்போது போனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்த பதிவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலை மட்டும் துடைத்து எடுக்க அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் கை வைத்த சத்தத்தை டாக்டரிடம் கொடுக்க மனசு ஒப்பவில்லை. பயமுறுத்தத்தான் இத்தனை காலம் சத்தத்தில் கை வைத்தாள். இது அவர் உயிர்.

டாக்டரம்மா பதிவைக் கவனமாகக் கேட்டார். குறட்டை வந்தது, நின்றது. பக்கத்து நாற்காலியில் புருஷன் தன் மூச்சுக்குத் தானே காத்திருப்பதுபோல் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். அப்போது அந்தக் குரல் வந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

"இது யாரும்மா?" என்றார் டாக்டர்.

"நான்தான்."

புருஷன் திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் குரல் இளகியிருந்தது. "பாவம், என் மூச்சு வரணும்னு வேண்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தியா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவர் நம்பிவிடுவார்.

"இல்லைங்க" என்றாள். "வரக்கூடாதுன்னு."