பால் மாவு கொட்டிய பக்கம்

பத்திரிகைக்கு எழுதுகிற அளவுக்கு நான் படித்தவள் இல்லை. எட்டாம் வகுப்பில் தவறியவள். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மற்ற வாசகர்களின் அனுபவங்களை இங்கே படித்துப் படித்து, என்னிடமும் ஒன்று இருக்கிறதே என்று தோன்றியதால் எழுதுகிறேன். அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபது வருடம் ஆகியிருக்கும். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில், சாலையை விட்டு ஒரு மைல் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்துப் பள்ளியில், மதிய உணவு சமைக்கும் ஆயாவாகச் சேர்ந்தேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கல் குவாரியில் வேலை செய்த என் கணவர், காலில் கல் விழுந்து வீட்டோடு இருந்தார். இந்த வேலை போய்விட்டால் அதே குவாரிக்கு நானும் கல் உடைக்கப் போக வேண்டியதுதான். அதனால் யாருக்கும் எதிர்ப்பேச்சு பேசாமல், சமையல் கொட்டகையை விட்டு அதிகம் வெளியே வராமல் இருந்தேன்.

அந்த நாளில் பிள்ளைகளுக்குக் கொடுக்க வெளிநாட்டுப் பால் மாவு மூட்டை மூட்டையாக வரும். வெந்நீரில் கரைத்து ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றுவேன். பாலைவிடப் பிள்ளைகளுக்கு மாவின் மேல்தான் ஆசை. "ஆயா, கொஞ்சூண்டு போடு ஆயா" என்று உள்ளங்கையை நீட்டிக்கொண்டு வருவார்கள். வாயில் போட்டதும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை நாக்கால் சுரண்டிச் சுரண்டித் தின்னும் அழகைப் பார்க்க வேண்டுமே.

அப்படி ஒரு தடவை மூட்டைகளோடு ஒரு பெட்டியும் வந்தது. அதில் ஒரு பெரிய படப் புத்தகம் இருந்தது. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். தலைமையாசிரியர் புரட்டிப் பார்த்து, என்ன வந்தாலும் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று குழந்தைகளுக்குச் சொல்லும் புத்தகம் இது, வகுப்பில் உரக்க வாசித்துக் காட்டுவதற்கென்றே போட்டது என்றார். பிறகு அதை அலமாரியில் வைத்துவிட்டார். ஐந்து வகுப்புக்கு இரண்டே வாத்தியார்கள். சிரிப்புக்கு அவர்களுக்கு நேரம் ஏது?

ஒரு நாள் இன்னொரு வாத்தியார் வரவில்லை. ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் கூரை பிய்ந்துவிடும்படி கத்தின. சோறு வடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவர்களோடு உட்காரும்படி தலைமையாசிரியர் என்னிடம் சொன்னார். என்ன செய்வதென்று தெரியாமல் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். சிவப்புக் குல்லாய் போட்ட ஒரு சிறுமி, அவள் பின்னால் ஒரு வாத்து. அடுத்த பக்கத்தில் வீதி, வீடு, மரம் எல்லாவற்றின் மேலும் வெள்ளை வெளேரென்று மாவு மாவாக ஏதோ கொட்டிக் கிடந்தது. அது என்னவென்று எனக்கு நொடியில் விளங்கிவிட்டது.

"பால் மாவு ஏத்திக்கினு வந்த லாரி கவுந்துடுச்சு" என்று ஆரம்பித்தேன்.

முப்பது பிள்ளைகளும் கப்சிப் ஆனார்கள். சிறுமி மாவில் சறுக்கி விழுந்தாள், அழவில்லை, சிரித்தாள். குல்லாய் மாவுக்குள் தொலைந்துபோனது, அதற்கும் சிரித்தாள். வாத்து தின்று தின்று நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டது. கடைசியில் எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் பால் குடித்தார்கள். படத்தில் கையில் கோப்பை இருந்ததால் முடிவுக்கும் குறையில்லை. பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காத எனக்கு அன்று எங்கிருந்துதான் பேச்சு வந்ததோ.

ஆனால் ஒரு தப்பும் செய்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு பக்கத்திலும் அந்த இங்கிலீஷ் வரியின் கீழே விரலை ஓட்டிக்கொண்டே சொன்னேன்.

அதற்குப் பிறகு வாத்தியார் வராத நாளெல்லாம் அந்தப் புத்தகம்தான். ஆயா இங்கிலீஷ் படிக்கிறாள் என்ற பேச்சு ஊருக்குள் போய்விட்டது. ஒரு நாள் ஒரு பிள்ளையின் தாய் மருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டாள். எத்தனை சொட்டு கொடுக்க வேண்டும் என்று படித்துச் சொல்லச் சொன்னாள். அடுப்பு புகைகிறது, கண் எரிகிறது என்று சொல்லித் தலைமையாசிரியரிடம் அனுப்பினேன். அன்றே அந்த விரலை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. தலைமையாசிரியர் ஸ்ரீபெரும்புதூருக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். மற்ற வாத்தியார் பெரிய வகுப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் புத்தகமும் கையுமாகச் சின்னப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலிறங்கி, பஸ் பிடித்து, வெயிலில் நடந்து வந்த பள்ளி இன்ஸ்பெக்டர். என்னைவிட வயதில் சின்னவர். புதிதாக வேலைக்கு வந்தவர் போலிருந்தது. சமையல்காரி பாடம் நடத்துவதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் பிள்ளைகளுக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்து, வாசியுங்கள் என்று கையைக் காட்டினார். நான் புத்தகத்தைப் பிரித்தேன், மூடினேன், மறுபடியும் பிரித்தேன். பிள்ளைகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். கடைசியில் அவரே எழுந்து வந்து புத்தகத்தை வாங்கி, இங்கிலீஷில் ஒரு வரி படித்து, அதைத் தமிழில் சொன்னார். வானத்திலிருந்து பனி கொட்டியதாம், ஊரெல்லாம் வெள்ளையாகிவிட்டதாம்.

எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழிக் காலையில் புல் மேல் இருக்கும் ஈரம். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். முன்பல் இரண்டும் விழுந்த இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள்.

"சார், உனுக்குச் சரியா படிக்கத் தெரில. அது பால் மாவு. லாரி கவுந்துச்சு. எங்க ஆயா படிச்சுது."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். என் இங்கிலீஷ் எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும், அந்தப் பிள்ளைகள் முன்னால் நான் பொய்க்காரி. அவர் புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஆமாம்மா. நான்தான் கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன். பால் மாவுதான். அப்புறம் இன்னா ஆச்சு?"

பிறகு ஒவ்வொரு பக்கமாகப் பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டு, கடைசி வரைக்கும் என் கதையையே வாசித்தார்.

சாப்பாட்டு மணி அடித்ததும் கொட்டகை வாசலுக்கு வந்தார். மன்னித்துவிடுங்கள் ஐயா என்று கைகூப்பினேன். வேலையைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. பிள்ளைகள் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை, கதையை விட்டுவிடாதீர்கள் என்றார். போகத் திரும்பியவர் நின்று, தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"விரலை மட்டும் ஓட்டாதீங்கம்மா. அந்த விரலைப் பாத்துதான் அதுங்க எழுத்து கத்துக்கும்."

திட்டியிருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது. பிற்பகல் வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் பிள்ளைகளை உட்கார வைத்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, படத்தைப் பார்த்து நானேதான் கட்டிச் சொன்னேன், இன்ஸ்பெக்டர் சொன்னதுதான் சரி என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பல் விழுந்தவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "தெரியும் ஆயா" என்றாள். "ஒரு நாளு வாத்து மூணு மூட்டை துன்னுச்சுன்னுவ. ஒரு நாளு ஒம்போதுன்னுவ."

தெரிந்திருந்தும் அவரிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"அவுரு கதைய மாத்தறாரு இல்ல?"

அந்த இளைஞர் பிள்ளைகள் முன்னால் என் மானத்தைக் காத்தார். அந்தச் சிறுமியோ அவருக்கு முன்பே அதைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இன்றைக்கும் எனக்குக் கூச்சம்தான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், சொன்னதால் என்னிடம் யாருக்கும் பிரியம் குறைந்துவிடவில்லை.

மறுநாள் தலைமையாசிரியர் அர்த்தம் சொல்லச் சொல்ல, நான் தமிழில் துண்டுக் காகிதங்களில் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் சோற்றுப் பசையால் ஒட்டினேன். பனி கொட்டும் பக்கத்தில் மட்டும் இரண்டு சீட்டு ஒட்டினோம்.