லாரியை எடுக்க மாட்டேன்

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் கெசியாவின் ஸ்டூடியோ இருக்கிறது. பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம், இறந்தவர்களின் படத்துக்கு ஃபிரேம் எல்லாம் அங்கே ஆகும். சுற்றுவட்டாரச் சபைகளில் அவரை வேறொன்றுக்காகவும் தேடி வருவார்கள். நினைவு ஆராதனையில் வாசிக்கிற வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தருகிறவர் கெசியா.

எழுத வேண்டும் என்று நினைத்து எழுத வந்தவர் இல்லை அவர். நினைவு அட்டை அச்சடிக்க வருகிறவர்கள் முன்பக்கத்துக்குப் படமும் பின்பக்கத்துக்குக் குறிப்பும் கொண்டுவருவார்கள். குறிப்பு எப்போதும் அட்டையில் அடங்காது. பிறப்பு, ஞானஸ்நானம், படிப்பு, உத்தியோகம், திருமணம், மருமக்கள், பேரப்பிள்ளைகள், அவர்கள் இருக்கிற நாடுகள். "நீங்களே பார்த்துக் கொறச்சிடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

கெசியா குறைக்க ஆரம்பித்தார். எல்லா வரியிலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டிப் பார்த்தார். மிஞ்சியது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற குறிப்பாக இருந்தது. ஒரே ஒரு விஷயத்தை முன்னால் வைத்து, மற்றதையெல்லாம் அதற்குப் பின்னால் நிறுத்தியபோதுதான் ஆள் தெரிந்தார்.

கேமராவில் இது அவருக்குப் பழகிய வேலைதான். கல்யாண மேடையில் "எல்லாரும் வரணும்" என்பார்கள். எல்லாரும் வருவார்கள், எல்லாரும் தெளிவாக இருப்பார்கள், ஒருவரும் மனதில் நிற்க மாட்டார்கள். தனி முகம் எடுக்கும்போது கதை வேறு. லென்ஸை அகலத் திறந்தால், லேசாகத் திரும்பியிருக்கிற முகத்தில் இரண்டு கண்ணும் ஒன்றுபோலத் தெளிவாக விழாது. கிட்ட இருக்கிற கண்ணைப் பிடிக்க வேண்டும். அது கூர்மையாக விழுந்துவிட்டால் மற்றது மங்கலாக இருந்தாலும் யாரும் குறை சொல்வதில்லை. கண்ணை விட்டுவிட்டுக் காதைப் பிடித்தால் படம் போச்சு.

"பாதிப் பேரு காதைத்தான் எழுதிக்கினு வர்றாங்க" என்பார் கெசியா. இதைச் சம்பந்தப்பட்டவர்களின் முகத்துக்கு நேராகவே சொல்வார். அதனால் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு.

போன மழைக்காலம் முடிந்த சமயம், மேடவாக்கத்திலிருந்து ஜோனத்தான் வந்தார். தாயார் யூனிஸ் டீச்சர் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தார். ஜோனத்தான் தன் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். டீச்சரும் அங்கே அவரோடுதான் இருந்தார். கூடவே தங்கை ஜெரூஷா. கேளம்பாக்கத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர்.

கெசியா அந்த அம்மாவைப் பார்த்திருந்தார். ஒருமுறை அதே குடியிருப்பில் ஒரு பிறந்தநாள் விழாவைப் படமெடுக்க ஆட்டோவில் போனபோது, தெரு முழுக்க வண்டிகள் நின்றன. முன்னால் ஒரு தண்ணீர் லாரி. லாரிக்கு முன்னால், நடுத்தெருவில், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் குடை பிடித்தபடி ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா இது, ரோட்ட குத்தகைக்கு எடுத்துகினியா?" என்று ஆட்டோக்காரர் கத்தினார்.

"ஆமாப்பா. ஸ்கூல் விடுற வரைக்கும்."

அந்தத் தெருவில்தான் ஓர் ஆரம்பப் பள்ளியின் வாசல். லாரிகள் பின்னோக்கி வருகிற வேகத்தில் ஒரு பிள்ளையின் சைக்கிள் நசுங்கியிருந்தது. பிள்ளை தப்பித்ததே பெரிய விஷயம். அதற்கு மறுநாளிலிருந்து யூனிஸ் டீச்சர் தினமும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கடைசிப் பிள்ளை தெருவைக் கடந்த பிறகுதான் எழுந்திருப்பார். கெசியா ஆட்டோவை விட்டு இறங்கி ஒரு படம் எடுத்தார். டீச்சரின் கண் கூர்மையாக, பின்னால் லாரி பெரிய மங்கலாக. படத்தை அவர் அனுப்பிவைத்தபோது, "லாரி நல்லா விழுந்திருக்கு" என்று டீச்சர் பதில் போட்டார்.

இப்போது ஃபிரேம் போட அந்தப் படத்தைத்தான் ஜெரூஷா கேட்டாள். ஜோனத்தானுக்கும் அதே முகம் பிடித்திருந்தது. முகம் மட்டும்.

"சிஸ்டர், அம்மா முகத்தை மட்டும் எடுத்து நீல பேக்கிரவுண்ட் போட்டுடுங்க. லாரி, சேர் எல்லாம் வேணாம்."

"முகம் வேணும்னா வேற படம் இருக்கும் பிரதர். இதுல லாரியை எடுக்க மாட்டேன்."

"ஏன்? ரெண்டு நிமிஷ வேலை."

"லாரி இல்லேன்னா உங்கம்மா நடுரோட்டுல எதுக்கு உட்கார்ந்துகினு கீறாங்க? பார்க்கிறவன் இன்னா நெனப்பான்?"

ஜெரூஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜோனத்தானுக்கு வரவில்லை. அவர் கேட்ட குறிப்பில் டீச்சரின் பட்டங்கள், நல்லாசிரியர் விருது, சிங்கப்பூர் பயணம், சபையின் பெண்கள் ஐக்கியத்தில் வகித்த பொறுப்புகள் எல்லாம் இருக்க வேண்டும். நாற்காலி இருக்கக் கூடாது. அந்த லாரிகள் தண்ணீர் கொண்டுவந்ததே அவருடைய குடியிருப்புக்குத்தான். தொட்டி காலியாகிறது, உங்கம்மாவை எழுப்புங்கள் என்று மாடிக்கு மாடி அவரைத் திட்டியிருந்தார்கள். அவர்கள் எல்லாரும் ஆராதனைக்கு வருவார்கள்.

"நாற்காலி ஏன் வேணாம்னு முழுசாச் சொல்லுண்ணா" என்றாள் ஜெரூஷா. "நீதானே எடுத்துட்டுப் போயி மொட்டை மாடி ரூம்ல வெச்சுப் பூட்டின."

ஜோனத்தான் கெசியாவைப் பார்க்காமல் தங்கையின் பக்கம் திரும்பினார்.

"சங்கத்துல பிரஷர் ஜெரூ. உனக்குத் தெரியாது."

"அன்னைக்கு அம்மா என்ன பண்ணாங்கன்னு எனக்குத் தெரியும். நின்னாங்க. மூட்டுவலியோட நின்னாங்க. நீ பால்கனியில நின்னு பார்த்த."

கெசியா அன்றே எழுதிக் கொடுத்தார். அட்டையில் இடம் மிச்சமிருந்தது.

"யூனிஸ் டீச்சர் வகுப்பில் உட்கார்ந்து பாடம் நடத்தியதில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்தார். பள்ளி விடும் நேரத்தில், தெரு நடுவில், சிவப்பு நாற்காலியில். பிள்ளைகள் கடக்கும் வரை தண்ணீர் லாரிகள் அவருக்கு முன்னால் நின்றன. ஒருநாள் நாற்காலியைக் காணோம். அன்று அவர் நின்றார்." அதன் பிறகு கணவர் பெயர், பிள்ளைகள் பெயர், விருது, எல்லாம் இரண்டே வரியில்.

ஜோனத்தான் ஒரு வரியில் விரலை வைத்தார். "'நாற்காலியைக் காணோம்.' இதை எடுத்துடுங்க. மத்தது இருக்கட்டும்."

"யாரு எடுத்தாங்கன்னு எழுதலையே சார்." பிரதர் சார் ஆகிவிட்டார். "அது பின்னாடி மங்கலா நிக்குது. மங்கலா நிக்கலாம். ஆனா படத்துல இருக்கணும்."

"தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

"தெரியட்டும். பின்னாடி இருக்கிறதை மங்க வெக்கிறது என் தொழிலு. வெட்டி எடுக்கிறது இல்ல. வேணாம்னா நீங்களே எழுதிக்குங்க, என் பேரைச் சொல்லாதீங்க. அந்தப் படமும் கிடையாது."

"படம் எனக்கு வேணும்" என்றாள் ஜெரூஷா. "லாரியோட. குறிப்பு அந்த வரியோட. இல்லேன்னா ஆராதனையில நான் எழுந்து வாயால சொல்லுவேன், பேர் வெச்சே சொல்லுவேன்."

ஜோனத்தான் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

தாம்பரத்து ஆலயத்தில் ஆராதனை. முன்னால் மேஜையில் அந்தப் படம், லாரியோடு. பார்க்கிறவர்களின் கண் முதலில் டீச்சரின் கண்ணுக்குப் போயிற்று. பிறகு நாற்காலிக்கு, பிறகு அந்தப் பெரிய மங்கலுக்கு. குடியிருப்புக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் கெசியா.

குறிப்பை மூத்த மகன் வாசிப்பார் என்று ஆயர் அறிவித்தார். ஜோனத்தான் மைக் முன்னால் வந்து நிதானமாகவே வாசித்தார். சிவப்பு நாற்காலி வரை வந்தார். லாரிகள் நின்றன. அதற்கடுத்து அவர் வாயிலிருந்து வந்தது கணவரின் பெயர்.

முதல் பெஞ்சில் ஜெரூஷா எழுந்து நின்றாள்.

"அண்ணா, ஒரு வரி விட்டுட்ட."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மைக்கிலும் விழுந்தது. ஆயர் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். ஜோனத்தான் தங்கையைப் பார்த்தார். அவள் உட்காருகிறவளாகத் தெரியவில்லை. அவர் காகிதத்தைக் கிட்டக் கொண்டுபோய், விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.

"ஒருநாள் நாற்காலியைக் காணோம். அன்று அவர் நின்றார்."

குடியிருப்புக்காரர்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். ஜெரூஷா உட்கார்ந்தாள்.

ஆராதனை முடிந்து காபி கொடுக்கும்போது ஜோனத்தான் கெசியாவிடம் வந்தார். கோபம் தணியவில்லை.

"ஒரே வரி. அது இல்லேன்னா உங்களுக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றார் கெசியா. "உங்கம்மா உட்கார்ந்தே இருந்திருப்பாங்க."