ஒற்றை மைக்கும் ஒரு பொன்னாடையும்

1. பாஞ்சோவுக்கு எக்கோ

பாஞ்சோவுக்கு எக்கோ போட்டவன் நான். அதுவும் சாதாரண எக்கோ அல்ல, கல்யாண மண்டபத்து எக்கோ. இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்கள் வேறு யாரிடமாவது கேள்விப்பட்டுச் சிரிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில் தமிழ் மண்டபங்களுக்கு ஒலியமைப்புச் செய்து பிழைத்தவன் நான். பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடு, அரங்கேற்றம், நூல் வெளியீடு எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே மருந்துதான்: ஆளுக்கொரு மைக், மைக்குக்கொரு எக்கோ. பேச்சாளர் வாயைத் திறந்தால் சத்தம் பின்சுவரில் மோதித் திரும்பி வந்து அவரையே பாராட்ட வேண்டும். இல்லாவிட்டால் "சவுண்ட் சரியில்லை" என்று மேடையிலேயே சொல்லிவிடுவார்கள். பேச்சு சரியில்லை என்று இதுவரை யாரும் மேடையில் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நகரத்துக்குள் இருக்கும் ஒரு பாரில் வழக்கமான ஒலிக்காரர் வராததால் என்னைக் கூப்பிட்டார்கள். ஐந்து பேர் புளூகிராஸ் வாசிப்பார்கள் என்றார்கள். புளூகிராஸ் என்றால் அமெரிக்க மலைப்பக்கத்து உழைப்பாளிகளிடமிருந்து வந்த பாட்டு. பாஞ்சோ, மண்டலின், ஃபிடில், கிற்றார், ஆளுயரத்துக்கு ஒரு பேஸ். ட்ரம்ஸ் கிடையாது. இதையெல்லாம் நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். உலக இலக்கியம் படிக்கிறவன் என்று பேர், போகிற இடத்தில் என்ன வாசிப்பார்கள் என்று போனில் தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

ஒன்பது மைக் நட்டேன். மேடை பத்திரிகையாளர் மாநாடு மாதிரி இருந்தது. பாஞ்சோ தொடங்கியதும் யாரோ பாத்திரக்கடை அலுமாரியைத் தள்ளி விழுத்திய சத்தம் வந்தது. ஒருமுறை அல்ல, எக்கோவின் புண்ணியத்தில் நாலுமுறை.

பாஞ்சோ வாசித்தவர் ரூத். அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரி. கிழமை நாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். வாசிப்பை நிறுத்தி, "நாங்கள் ஏன் தேவாலயத்துக்குள் நிற்கிறோம்?" என்று என்னிடம் கேட்டார். பிறகு என் மைக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒன்றை மட்டும் நடுவில் விட்டார்.

அந்த ஒரு மைக்கைச் சுற்றி ஐந்து பேரும் தோளோடு தோள் முட்டி நின்றார்கள். பாடுகிறவர் கிட்ட வருவார், முடிந்ததும் விலகுவார். அந்த இடத்துக்குள் ஃபிடில்காரர் நுழைவார், தன் பங்கை வாசிப்பார். அந்தப் பங்குக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பிரேக்'. பிரேக் முடிந்த கணமே அவரும் பின்வாங்குவார். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் என் விரல் அல்ல, அவர்களின் கால். முறை முடிந்த பிறகும் மைக்கடியில் நிற்கிறவரை அடுத்த ஞாயிறு யாரும் கூப்பிட மாட்டார்கள். எழுதாத சட்டம்.

எங்கள் மண்டபங்களில் அந்தச் சட்டம் வந்தால் ஒரு சங்கத்துக்கும் தலைவர் மிஞ்ச மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அங்கேயே போனேன்.

2. நோட்டீஸ்

ரூத் ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு பழைய அப்பார்ட்மென்ற் கட்டடத்தில் இருந்தார். அந்தக் கட்டடத்தை ஒரு கம்பனி வாங்கியது. வாங்கிய கையோடு எல்லாருக்கும் நோட்டீஸ் வந்தது: பெரிய திருத்த வேலை செய்யப்போகிறோம், வெளியேறுங்கள். திருத்தி முடிந்ததும் திரும்பி வரலாமாம். சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. திரும்பி வந்தவர் யாரையும் எனக்குத் தெரியாது.

குடியிருப்பாளர்கள் ஒரு கமிற்றி அமைத்தார்கள். செயலாளர் அபிரா, மருத்துவத் தாதி, இங்கே பிறந்த பிள்ளை. ஆர்ப்பாட்டத்தைக் கட்டடத்தின் பார்க்கிங்கிலேயே வைப்பது, ரூத்தின் குழு வாசிப்பது, ஏழாம் மாடித் தேவகி அக்கா பேசுவது, ரீவிக்காரரைக் கூப்பிடுவது என்று முடிவாயிற்று. சவுண்ட் நான். மைக் ஒன்றுதான் என்றதும் அபிராவுக்கு முகம் மாறியது.

"அண்ணை, ஒன் மைக் எண்டா எப்பிடி? திஸ் இஸ் எ ராலி. ஒரு டிக்னிற்றி வேணும்."

"பிள்ளை, உதில ஒருத்தரும் கனநேரம் நிக்கேலாது. அதுதான் டிக்னிற்றி."

தேவகி அக்கா இறைச்சி பொதிசெய்யும் தொழிற்சாலையில் வேலை. கணவர் இல்லை. மகன் பக்கத்து நகரான விட்பியில் ஒரு பேஸ்மென்ற்றில், மனைவி பிள்ளைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு இருந்தான். இந்த வீடு போனால் அவருக்குப் போக இடமில்லை. அதைக் கமராவுக்கு முன்னால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அபிராவோடு இருந்து ஆங்கிலத்தில் பாடமாக்கியிருந்தார்.

"மறந்துபோனா என்ன செய்யிறது தம்பி?"

"தமிழிலேயே சொல்லுங்கோ அக்கா. அபிரா மொழிபெயர்ப்பா."

"இங்கிலிஷ் எனக்கு வரும். கோவம் வந்தாத்தான் ஓடிப்போயிடும்."

"இண்டைக்குக் கோவம் வரவேணுமே."

"அதுதான் பயமாக் கிடக்கு."

3. மரியாதை

முதலில் ஒரு பாட்டு, பிறகு தேவகி அக்கா, பிறகு பாட்டு. இதுதான் ஒழுங்கு. முதல் பாட்டு முடியும்போது ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. எங்கள் வட்டாரத்து அரசியல்வாதி. பேர் வேண்டாம், அவர்கள் எல்லாருக்கும் ஒரே பேர்தான். நோட்டீஸ் வந்த நாளிலிருந்து கமிற்றி அனுப்பிய ஈமெயில் ஒன்றுக்கும் பதில் போடாதவர், கமரா வருகிறது என்றதும் நேரம் ஒதுக்கியிருந்தார். வேறு கூட்டம் இருக்கிறதாம், ஆகவே தான் முதலில் பேசுவாராம்.

மைக்கடியில் வந்து நின்று, "வணக்கம்" என்றார்.

சனம் கைதட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஒற்றைச் சொல்லுக்கு நாங்கள் எத்தனை தேர்தலாகக் கை தட்டுகிறோம்! ஒரு கிளிக்குக் கூட இதைவிட இரண்டு சொல் அதிகம் தெரிந்திருக்க வேண்டும், பழம் கொடுப்பதற்கு.

தன் பாட்டன் கப்பலில் வந்த கதையைச் சொன்னார். பன்முகப் பண்பாட்டைப் புகழ்ந்தார். தோசை பிடிக்கும் என்றார். கம்பனியின் பேர் மட்டும் வாயில் வரவில்லை. நோட்டீஸ் என்ற சொல்லும் வரவில்லை. தேவகி அக்கா பக்கத்தில் நின்று உதட்டை அசைத்துப் பாடத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக அவர் முடிக்கப்போகிறார் என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் ஐந்தாம் மாடிச் சண்முகம் அங்கிள் கூட்டத்தை விலத்திக்கொண்டு வந்தார். கையில் பொன்னாடை. நோட்டீஸ் வாங்கிய மனிதர். தன் வீடு பறிபோவதைக் கண்டிக்கும் கூட்டத்துக்குச் சால்வை மடித்து எடுத்து வந்திருக்கிறார்!

ஓடிப்போய் மறித்தேன். "அங்கிள், என்ன செய்யிறியள்?"

"வந்தவரை மரியாதை செய்யாமல் அனுப்பேலுமே தம்பி?"

"அவர் எங்களுக்கு என்ன செய்தவர்?"

"இனிச் செய்வார்."

போர்த்திவிட்டார். கைதட்டல். போர்த்தப்பட்ட மனிதர் கண் கலங்கி, மைக்கை இன்னும் இறுக்கிப் பிடித்து, இரண்டாம் பாகத்தைத் தொடங்கினார். எந்த ஊர்ப் போராட்டத்திலாவது எதிராளியின் பேச்சை நீட்டுவதற்கு இப்படி ஒரு கருவி கண்டுபிடித்திருக்கிறார்களா, தெரியவில்லை.

ரீவிக்காரர் கமராவை முக்காலியிலிருந்து கழற்றத் தொடங்கினார். அபிரா என்னிடம் ஓடி வந்தாள்.

"அண்ணை, கட் ஹிம்! மைக்கை ஓஃப் பண்ணுங்கோ!"

விரலைச் சத்தம் குறைக்கும் ஃபேடரில் வைத்தேன். சத்தியமாக வைத்தேன். ஆனால் இருப்பது ஒரு மைக். அவருடைய மைக்கை அணைத்தால் தேவகி அக்காவுடையதையும் அணைத்ததாகும். தவிர, "குடியிருப்பாளர்கள் பேச்சை நிறுத்தினார்கள்" என்றுதான் மாலைச் செய்தியில் வரும். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஒன்பது மைக் தேவைப்பட்டது.

ரூத் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், தொடாதே என்று. பிறகு பாஞ்சோவை மீட்டிக்கொண்டு நேராக மைக்கை நோக்கி நடந்தார். வலப்பக்கத்தால் ஃபிடில், இடப்பக்கத்தால் மண்டலின், பின்னால் கிற்றார். ஒவ்வொரு ஞாயிறும் செய்வதைத்தான் செய்தார்கள், தோளைக் கொடுத்து உள்ளே வந்தார்கள். பாஞ்சோவின் கழுத்து அரசியல்வாதியின் காதுக்குக் கிட்ட வந்ததும் அவர் ஒரு அடி விலகினார். ஃபிடில் வில் அசைந்ததும் இன்னொரு அடி. தனக்குத்தான் வாசிக்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, சால்வையோடு கைதட்டத் தொடங்கினார். தாளம் தப்பாகத்தான்.

பாட்டுக் கேட்டதும் கமராக்காரர் திரும்பி வந்தார். ஃபிடில் ஒரு பிரேக். மண்டலின் ஒரு பிரேக். மூன்றாவது முறைக்கு வட்டம் திறந்தது, ரூத் தேவகி அக்காவின் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். வாத்தியங்கள் தணிந்து மெல்ல ஓடிக்கொண்டிருந்தன.

அக்காவுக்குப் பாடமாக்கியது ஒன்றும் வரவில்லை.

"தண்ணி வரேல்லை எண்டு எத்தனை தரம் போன் பண்ணினனான்! அப்ப திருத்த ஒருத்தரும் வரேல்லை. இப்ப திருத்தப்போறாங்களாம், என்னை வெளியில விட்டிட்டு. நான் வீட்டைத் திருத்தச் சொல்லித்தான் கேட்டனான். என்னைக் கழிக்கச் சொல்லிக் கேக்கேல்லை."

அபிரா மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அக்கா திரும்பி அரசியல்வாதியைப் பார்த்தார். ஓடிப்போன ஆங்கிலம் பாதி திரும்பி வந்திருந்தது.

"சேர், யூ கம். செவன்த் ஃப்ளோர். லிஃப்ற் நொட் வேர்க்கிங். யூ வோக்."

சொல்லிவிட்டு அவர் மைக்கை விட்டு விலகினார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, விலகினார். கமரா அரசியல்வாதியின் பக்கம் திரும்பியது. அவருக்கு வேறு வழியில்லை. சால்வையோடு படியேறினார்.

4. செய்தி

அன்று மாலைச் செய்தியில் பாஞ்சோ வந்தது. சால்வையோடு ஒருவர் படியேறுவது வந்தது. "மக்களின் குறைகேட்கும் பிரதிநிதி" என்ற மாதிரி ஒரு வரி வந்தது. தேவகி அக்காவின் குரலில் ஒரு சொல்கூட வரவில்லை. ரிமோட்டை எறிந்தேன். அது உடைந்ததில் எனக்குத்தான் நட்டம்.

ஆனால் அடுத்த கிழமையே மாநகரசபை இன்ஸ்பெக்டர் வந்தார். குறைகள் எல்லாம் திருத்தப்படும்வரை நோட்டீஸ்களை நிறுத்திவைப்பதாகக் கம்பனி அறிவித்தது. நிறுத்திவைத்ததுதான், கைவிட்டதில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. அக்கா இன்னும் ஏழாம் மாடியில் இருக்கிறார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். மைக்கைப் பொருத்த யாருக்கும் பழக்கலாம். அதன் முன்னால் யார் நிற்கிறார், யார் தன் முறைக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார் என்று பார்ப்பதுதான் வேலை. கோபம் வராதவர் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

இதே கருத்தைக் கொஞ்சம் நீட்டி, வட்டமாக நின்ற கலைஞர்கள், விலகிக் கொடுத்த இடம், ஒரு பெண்ணின் குரல் என்றெல்லாம் சேர்த்துத் தேவகி அக்காவிடம் சொன்னேன். நோட்டீஸை நிறுத்தியது அந்த ஒற்றை மைக்தான் என்றேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, அது பாட்டாலயும் இல்லை, என்ர பேச்சாலயும் இல்லை. அந்தச் சால்வைக்காரர் மேல வந்து மூச்சு வாங்கி, பாத்ரூம் எங்கயெண்டு கேட்டவர். உள்ளுக்குப் போய் இருந்த பிறகுதான் தண்ணி வராதெண்டு கண்டவர். வெளியால வந்து உடன மாநகரசபைக்குப் போன் எடுத்தவர்."