பேரனைப் பார்க்கக் கேட்டோம், கர்த்தர் பதில் கொடுத்தார்

1954-ஆம் வருஷம் என் அக்கா விஷக்காய்ச்சலில் இறந்தாள். அவள் மகன் சாமுவேலுக்கு அப்போது மூன்று வயது. அத்தான் கும்மிடிப்பூண்டியில் அரிசி ஆலைக் கணக்கர். மறு வருஷம் வேறு கல்யாணம் செய்துகொண்டார். அதோடு எங்களுக்கு வாசல் அடைபட்டது.

என் பெற்றோர் மீஞ்சூரிலிருந்து ரயிலேறிப் போனார்கள். நானும் கூடப் போனேன். அத்தான் கேட்டைத் திறக்கவில்லை.

“செத்தவளோட உறவும் போச்சு மாமா. இன்னாத்துக்கு சும்மா வந்துகினு கீறீங்க?”

“உன் ஊட்டுச் சோறு துன்ன வரல மாப்ள. புள்ள மூஞ்சப் பாத்துட்டுப் போறேன்,” என்றார் என் அப்பா, நைனா.

உள்ளே சாமுவேல் அழுவது கேட்டது. வீட்டுக்கு வந்தும் அம்மா சாப்பிடவில்லை.

நான் நர்ஸ் பயிற்சி முடித்தவள். எதையும் வரிசைப்படுத்தித்தான் பார்ப்பேன். அன்று முதல்முறையாக ஜெபத்திலும் அப்படியே கேட்டேன். ஆண்டவரே, ஒன்று, பிள்ளையைப் பார்க்க வேண்டும். இரண்டு, ஒளிந்து மறைந்து அல்ல, எல்லாருக்கும் முன்பாக. மூன்று, அத்தானின் மனம் மாற வேண்டும். இதில் எதையும் குறைத்துக்கொள்ள மாட்டேன்.

கோர்ட்டில் மனுப் போட வேண்டும் என்று போய்க் கேட்டபோது வக்கீல் சிரித்தார். “தகப்பன் உயிரோட இருக்கும்போது தாத்தாவுக்கு ஏதும்மா உரிமை? சட்டத்துல இடமே இல்ல.”

“மனு எழுதுங்க சார். இல்லைன்னு ஜட்ஜே சொல்லட்டும்,” என்றேன்.

கோர்ட்டுக்குப் போவது விசுவாசிக்கு அழகல்ல என்று சபையில் சிலர் சொன்னார்கள். நான் ஜெபத்தையும் விடவில்லை, வழக்கையும் விடவில்லை.

செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் விசாரணை. தாத்தா, பாட்டிக்குத் தனி உரிமை இல்லை என்றார் நீதிபதி. இயேசுவே, நீர் பேசும் என்றேன் உள்ளுக்குள். நைனா, யாரும் கேட்காமலே எழுந்தார்.

“ஐயா, நான் தாத்தான்னு மட்டும் வரல. அந்தப் புள்ளையோட ஞானஸ்நானத்துல ஞானத் தகப்பனா நின்னவன். வேதத்துல வளக்கிறேன்னு சபை முன்னால வாக்குக் குடுத்துக்கீறேன். மூஞ்சியவே காட்டலன்னா எப்படிங்க வளக்கிறது?”

நீதிபதி அத்தானைப் பார்த்தார். “இவரை ஞானத் தகப்பனாக நிறுத்தியது யார்?”

எங்கள் சபையில் அதைத் தீர்மானிப்பவர் குழந்தையின் தகப்பன்தான். அத்தான் தம் அண்ணன்மாரோடு சண்டை போட்டுக்கொண்டு, அவர்கள் முகத்தில் கரிபூசவே, அவர்களை விட்டுவிட்டு என் பெற்றோரை நிறுத்தியிருந்தார்.

“நான்தான்,” என்றார் அத்தான்.

“நீங்களே கேட்டு வாங்கிய வாக்கு. அதை நிறைவேற்ற விடாமல் நீங்களே தடுப்பீர்களா?”

கடைசியில் அத்தான், மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிள்ளையை அனுப்ப ஒப்புக்கொண்டார். நீதிபதி அதை உத்தரவில் சேர்த்தார்.

முதல் ஞாயிறே சாமுவேல் நைனாவின் தோளில் ஏறி, இறங்க மாட்டேன் என்றான். அம்மா அன்று வயிறாரச் சாப்பிட்டார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

கேட்ட மூன்றில் இரண்டு கிடைத்துவிட்டன. அத்தானின் மனம் இன்னும் மாறவில்லை. அதையும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். முன்பு தயங்கித் தயங்கி ஜெபிப்பேன். இப்போது இன்னது வேண்டும் என்று நேராகக் கேட்கிறேன்.

பிரியமானவர்களே, இடமில்லை என்று உங்களிடமும் சொல்வார்கள். சொல்லட்டும். முழங்காலில் நின்று கேளுங்கள். பிறகு எழுந்து போய், அதே கதவை மறுபடியும் தட்டுங்கள்.